டிக் தளம் ஏன் சாய்ந்தது: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

செந்தூலைச் சேர்ந்த தம்பி ஒருவர், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து மலேசியத் தமிழ்ச் செய்திகளை ஒரே இடத்தில் திரட்டி, வாசகர்களின் ஓட்டைக் கொண்டு அவற்றை வரிசைப்படுத்தும் தளம் ஒன்றைத் தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறார். அவருடைய கேள்வி இது: "டிக் என்ற அமெரிக்கத் தளம் 2010இல் செய்த வடிவமைப்பு மாற்றத்தால் ஒரே வாரத்தில் அழிந்துவிட்டது என்று எங்கே படித்தாலும் போட்டிருக்கிறது. அது ஒன்றுதான் காரணமா? வடிவமைப்பில் கை வைக்காமல் இருந்தால் நாங்கள் தப்பித்துவிடுவோமா?" கடைசியில் சின்னதாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுதும்போது ஏன் இரண்டு 'ஜி' போடுகிறார்கள்?

தம்பி, பெரிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டிக்கும் வாசகர்களின் ஓட்டைக் கொண்டு செய்தி இணைப்புகளை வரிசைப்படுத்திய தளம்தான். 2010 ஆகஸ்டில் நடந்தது கடைசி இழுப்பு. நோய் பிடித்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, டிக் கொடிகட்டிப் பறக்கிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த 2006ஆம் ஆண்டில். எல்லாரும் ஓட்டுப் போடலாம், ஆனால் எல்லாருடைய ஓட்டும் சேர்ந்து நிரப்பவேண்டிய முதல் பக்கம் ஒன்றே ஒன்றுதான் என்ற அதன் அடிப்படை அமைப்பில்தான் அந்த நோய் இருந்தது. உங்கள் திட்ட வரைபடத்திலும் அதே ஒற்றை முதல் பக்கத்தைப் பார்த்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஆரம்பத்தைப் பார்ப்போம். டிக்கைத் தொடங்கிய கெவின் ரோஸ், அமெரிக்காவில் கணினித் தொழில்நுட்பத்துக்கென்றே இருந்த ஒரு தொலைக்காட்சி அலைவரிசையில் நிகழ்ச்சி நடத்தியவர். அதனால் கணினிப் பித்துக் கொண்ட இளைஞர்களிடையே முகம் தெரிந்தவர். 2004 டிசம்பரில் டிக்கை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தேழு. ஓவன் பர்ன் என்ற நிரலாளர் மணிக்கு 12 டாலர் கூலிக்கு முதல் வடிவத்தை எழுதிக் கொடுத்தார். சர்வர் வாடகை மாதத்துக்கு 99 டாலர். நிர்வாகத்தைப் பின்னர் ஜே ஏடல்சன் ஏற்றுக்கொண்டார். இவ்வளவுதான் மூலதனம்.

அன்றைக்கு இந்த வகையில் பெயர் பெற்றிருந்த தளம் 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட். அதிலும் வாசகர்கள்தான் செய்தி அனுப்புவார்கள். ஆனால் எது முகப்பில் வரவேண்டும் என்பதை ஆசிரியர்கள் நாலைந்து பேர் முடிவு செய்வார்கள். ரோஸ் செய்த புதுமை அந்த ஆசிரியர் நாற்காலியை எடுத்து வெளியே போட்டதுதான். யார் வேண்டுமானாலும் ஓர் இணைப்பைக் கொடுக்கலாம்; பிடித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள்; குறைந்த நேரத்தில் போதுமான ஓட்டு விழுந்தால் அது முதல் பக்கத்துக்கு ஏறும். பிடிக்காதவர்கள் 'புதை' என்ற பொத்தானை அழுத்தலாம். போதிய பேர் அழுத்தினால் செய்தி மண்ணுக்குள் போகும். யார் ஓட்டுப் போட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். யார் புதைத்தார் என்பது மட்டும் தெரியாது. இந்தக் கடைசி நுணுக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதில் புதுமை என்று நான் சொன்னாலும், பிரிக்பீல்ட்ஸில் காலையில் பசியாறப் போகும் கடையில் இதைச் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். கடைக்கு ஒரே ஒரு தமிழ் நாளிதழ்தான் வாங்குவார்கள். ஆறு மணிக்கே அது பிரிந்து தாள் தாளாக மேசைக்கு மேசை நடக்கத் தொடங்கிவிடும். பத்து மணிக்கு நீங்கள் போய் உட்கார்ந்தால், எந்தத் தாளில் சாம்பார்க் கறை அதிகமோ அதுதான் அன்றைய முக்கியச் செய்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆசிரியர் எதை முதல் பக்கத்தில் போட்டார் என்பது வேறு, கடைக்கு வந்தவர்கள் எதை முதல் பக்கமாக்கினார்கள் என்பது வேறு. டிக் செய்தது இந்தக் கறையை எண்ணிக் காட்டியதுதான். அந்தக் கடையில் கறைக்காக யாரும் போட்டி போடவில்லை, ஏனென்றால் கறை படிந்த தாளால் யாருக்கும் காசு வரவில்லை. டிக்கின் முதல் பக்கத்தில் ஏறினால் வந்தது.

எவ்வளவு வந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் புரியும். டிக்கின் முகப்பில் ஓர் இணைப்பு ஏறிவிட்டால், சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கானோர் அந்த அகப்பக்கத்தின் மேல் பாய்வார்கள். சிறிய சர்வர்கள் அந்தச் சுமை தாங்காமல் படுத்துவிடும். 'டிக் விளைவு' என்று அதற்குப் பெயரே இருந்தது. விளம்பர வருமானத்தை நம்பி இருக்கும் தளங்களுக்கு அந்த ஒரு நாள் கூட்டம் ஒரு மாத உழைப்புக்குச் சமம். எனவே முதல் பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு விலை உண்டாகிவிட்டது. இடமோ குறைவு, கேட்பவர்களோ கணக்கில்லை.

விலை உண்டான இடத்துக்குத் தரகர்கள் வராமல் இருப்பார்களா? 2006இல் ஒரு தேடுபொறி ஆலோசனை நிறுவனம் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பல லட்சம் உறுப்பினர்கள் கொண்ட அந்தத் தளத்தில் முதல் பக்கச் செய்திகளில் 56 விழுக்காடு வெறும் 100 பேர் கொடுத்தவை என்று தெரிந்தது. அதே ஆண்டில் நெட்ஸ்கேப் தளத்தை நடத்திய ஜேசன் கலகானிஸ், டிக் போன்ற தளங்களின் முன்னணிப் பயனர்களைத் தம் பக்கம் இழுப்பதற்கு மாதம் 1,000 டாலர் தருவதாகப் பகிரங்கமாகவே அறிவித்தார். ஓட்டை விற்பதற்கென்றே கடைகள் கிளம்பின. 2007இல் ஒரு பத்திரிகையாளர், மக்கள் கூட்டங்களின் படங்களைத் தவிர வேறு உருப்படியான எதுவும் இல்லாத ஒரு வலைப்பூவை வேண்டுமென்றே உருவாக்கி, காசு கொடுத்து ஓட்டு வாங்கி, அதை டிக்கின் முகப்பில் ஏற்றிக் காட்டிவிட்டு, நடந்ததை அப்படியே எழுதினார். படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் பத்து டாலர் செலவழித்து நூறு டாலர் எடுக்கத் தெரிந்தவர்கள் அதைச் செய்முறைப் பாடமாகவே படித்தார்கள்.

எல்லா முன்னணிப் பயனர்களும் காசுக்கு விலைபோனவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. பலர் நாள் முழுவதும் உட்கார்ந்து நல்ல இணைப்புகளைத் தேடிக் கொடுத்த, சம்பளமில்லாத ஆசிரியர்கள். 'மிஸ்டர்பேபிமேன்' என்ற பெயரில் உலவிய ஒருவருக்கு உறுப்பினர் கூட்டத்தில் கிடைத்த புகழும் வசையும் ஒரு நடிகருக்குக் கிடைப்பதற்குக் குறைந்தவை அல்ல. ஆனால் அவர்கள் மேலே ஏறுவதற்கான வழி ஒன்றுதான்: நிறைய நண்பர்களைச் சேர்த்துக்கொள், அவர்கள் கொடுப்பதற்கெல்லாம் நீ ஓட்டுப் போடு, நீ கொடுப்பதற்கெல்லாம் அவர்கள் போடுவார்கள்.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: மொய். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டியிலும், பிறகு டிக்கைப் பார்த்தே வந்த தமிழிஷிலும் (அது பின்னர் இன்ட்லி என்று பெயர் மாறியது) பதிவு எழுதியவர்களுக்கு இது தெரியும். பின்னூட்டத்தில் பதிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் "ஓட்டுப் போட்டாச்சு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். நாமும் அவர் வீட்டுக்குப் போய் அதே மொய்யைத் திருப்பி எழுதவேண்டும். எழுதாவிட்டால் அடுத்த பதிவுக்கு ஆள் வராது.

நானே ஒருமுறை இந்தத் தொழிலில் கை சுட்டுக்கொண்டவன். 2009இல் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நண்பரின் கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து, 'ப்ளிக்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு உள்ளூர்த் தமிழ்த் திரட்டி ஒன்றை நிறுவினோம். அந்த மென்பொருள், ஸ்பெயின் நாட்டு டிக் என்று சொல்லத்தக்க 'மெனேயமே' தளத்தின் நிரலிலிருந்து கிளைத்தது. டிக்கை அச்சடித்தாற்போல இருக்கும். முதல் மாதம் நன்றாகத்தான் போனது. அடுத்த ஜனவரியில் தைப்பூசத்துக்கு இரண்டு நாளுக்கு முன் நான் முகப்பைத் திறந்தபோது, பத்து இணைப்புகளில் எட்டு ஒரே அன்பருடைய வலைப்பூவுக்குப் போயின. பத்துமலைச் சாலைகள் எப்போது அடைக்கப்படும் என்ற, அன்றைக்கு எல்லாருக்கும் வேண்டிய செய்தி, ஒரே ஓட்டோடு இரண்டாம் பக்கத்தில் கிடந்தது. அந்த ஓட்டும் நான் போட்டது. அந்த அன்பர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. தமக்கு இருந்த ஏழு நண்பர்களிடம் தினமும் மாலையில் மின்னஞ்சலில் ஓட்டுக் கேட்டார், அவ்வளவுதான். ஓட்டுக் கேட்பதை வெற்றிக்கு வழியாக வைத்தது எங்கள் தளம்.

டிக் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அது என்னென்ன செய்தது என்பதை வரிசையாகப் பார்த்தால்தான் 2010 புரியும். 2006 செப்டம்பரில், ஒரே கூட்டத்தின் ஓட்டுகளுக்கு மதிப்பைக் குறைத்து, தொடர்பில்லாத பலரின் ஓட்டுகளுக்கு மதிப்பைக் கூட்டும்படி அல்காரிதத்தை, அதாவது எது மேலே ஏறும் என்று கணக்கிடும் விதியை, மாற்றுவதாக ரோஸ் அறிவித்தார். 2007 பிப்ரவரியில் முன்னணிப் பயனர்களின் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் இன்னொரு அல்காரித மாற்றம் வந்தபோது முன்னணிப் பயனர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போவதாக மிரட்டினார்கள். நண்பர்களுக்கு மொத்தமாகச் செய்தி அனுப்பி ஓட்டுக் கேட்கும் வசதியை முதலில் கொடுத்து, 2009இல் அதைப் பறித்தார்கள். ஒவ்வொரு முறையும் விதி மேலும் சிக்கலாயிற்று, மேலும் இரகசியமாயிற்று. ஒரு சாதாரண உறுப்பினருக்குத் தாம் கொடுத்த நல்ல செய்தி ஏன் ஏறவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் அதே செய்தி ஏன் ஏறியது என்று விளங்கவே இல்லை. ஆசிரியரை வெளியேற்றிய தளத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆசிரியர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

புதைக்கும் பொத்தான் அதைவிட மோசமாயிற்று. யார் அழுத்தினார் என்று தெரியாத பொத்தான் ஆகையால், கூட்டாகச் சேர்ந்து வேண்டாதவர்களின் செய்திகளைக் குழியில் தள்ளுவது எளிது. அமெரிக்க வலதுசாரிகள் சிலர் 'டிக் பேட்ரியட்ஸ்' என்ற பெயரில் குழு அமைத்து, இடதுசாரிக் கட்டுரைகளைத் திட்டமிட்டுப் புதைத்து வந்தது 2010 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது.

நடுவில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் டிக்கின் பலமும் பலவீனமும் ஒரே இரவில் தெரிந்தது அதில்தான். 2007 மே 1ஆம் தேதி, எச்டி டிவிடி தட்டுகளின் பூட்டைத் திறக்கும் மறைக்குறியீட்டு எண்ணை உறுப்பினர் ஒருவர் போட்டார். பூட்டுக்கு உரிமையுள்ள அமைப்பு வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது. டிக் அந்த இடுகையை நீக்கியது. நீக்கிய வேகத்தில் நூற்றுக்கணக்கானோர் அதே எண்ணைத் தலைப்பாக வைத்தும், பாட்டாக எழுதியும், படமாக வரைந்தும் போட்டு ஓட்டுப் போட்டார்கள்; முதல் பக்கம் முழுவதும் அந்த எண்ணே நின்றது. அன்றிரவு ரோஸ் பணிந்தார். இனி நீக்கமாட்டோம், வருவது வரட்டும் என்று, அந்த எண்ணையே தலைப்பாக வைத்துத் தம் பதிவில் எழுதினார். அன்று எல்லாரும் கைதட்டினார்கள்; நானும்தான். இப்போது நினைத்துப் பார்த்தால், தளத்தின் உண்மையான சொந்தக்காரர்கள் தாங்களே என்று உறுப்பினர்களுக்கு அன்று எழுதிக் கொடுத்த பத்திரம் அது என்று தோன்றுகிறது. மூன்று ஆண்டு கழித்து அவர்கள் அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். 2005இல் 2.8 மில்லியன் டாலர், 2006இல் 8.5 மில்லியன், 2008இல் 28.7 மில்லியன்: மொத்தத்தில் ஏறத்தாழ 40 மில்லியன் டாலர் முதலீடு டிக்குக்குள் வந்தது. 2006 ஆகஸ்டில் பிசினஸ்வீக் இதழ் ரோஸின் படத்தை அட்டையில் போட்டு, இந்தப் பையன் பதினெட்டே மாதத்தில் 60 மில்லியன் டாலர் சேர்த்தது எப்படி என்று கேட்டது. அந்தப் பணம் அவர் கையில் இருக்கவில்லை. நிறுவனத்தை விற்றால் அவர் பங்குக்கு வரலாம் என்று யாரோ போட்ட உத்தேசக் கணக்கு அது. 2008இல் கூகுள் சுமார் 200 மில்லியன் டாலருக்கு டிக்கை வாங்கப் பேசியது. பேச்சு முற்றி வந்த நிலையில் கூகுள் பின்வாங்கிவிட்டது என்று செய்தி வந்தது.

வாங்க ஆள் இல்லை, முதலீடோ ஏறிவிட்டது என்றால், வருமானத்தையும் கூட்டத்தையும் எப்படியாவது பெருக்கிக் காட்டவேண்டும். 2009இல் வந்த 'டிக்பார்' அந்தப் பதற்றத்தின் குழந்தை. நீங்கள் ஒரு செய்தியைத் திறந்தால் அது டிக்கின் சட்டத்துக்குள்ளேயே திறக்கும், முகவரியும் டிக்கின் முகவரியாகவே இருக்கும். செய்தி எழுதியவர்கள் தங்கள் வாசகர்களைத் திருடுவதாகக் கூச்சலிட்டார்கள். அது நியாயமான கூச்சல்தான். இதற்கிடையில் ட்விட்டரும் முகநூலும் வேறொரு வழியைக் காட்டிவிட்டன. 2010 ஏப்ரலில் முகநூலின் 'விருப்பம்' பொத்தான் எல்லாத் தளங்களிலும் முளைத்தபோது, முன்பின் தெரியாத பத்து லட்சம் பேர் எதைச் சிறந்தது என்கிறார்கள் என்பதைக் காட்டிலும், தெரிந்த நூறு பேர் எதைப் படிக்கிறார்கள் என்பதே மனிதர்களுக்குப் பெரிதாகப்பட்டது. அதே மாதம் ஏடல்சன் விலகினார். ரோஸ் தற்காலிகமாகத் தலைமை ஏற்றார்.

இப்போது நீங்கள் கேட்ட வடிவமைப்பு மாற்றம், அதாவது டிக்கின் நான்காம் பதிப்பு. 2010 ஆகஸ்ட் 25ஆம் தேதி அது வெளியானபோது இங்கே 26ஆம் தேதி காலை. அலுவலகத்தில் கணினியைத் திறந்தேன். உடைந்த கோடரியின் படம் வந்தது. டிக்கில் பழுதுப் பக்கம் அப்படித்தான் இருக்கும். பத்து நிமிடம் கழித்துத் திறந்தபோது தளம் வந்தது, ஆனால் எனக்குப் பழக்கமான எதுவும் அதில் இல்லை. புதைக்கும் பொத்தான் இல்லை. இன்னும் முகப்புக்கு ஏறாத புதுச் செய்திகளைப் பார்க்கும் பக்கம் இல்லை. உட்பிரிவுகள், காணொளிப் பகுதி, சேர்த்துவைத்த பிடித்தமானவை எல்லாம் போயிருந்தன. உள்ளே நுழைந்ததும் நான் பின்தொடர்பவர்களின் செய்திகள்தான் முதலில் வந்தன, ட்விட்டரைப் போல. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தி நிறுவனங்கள் தங்கள் ஓடையை (புதிய செய்திகளைத் தானாக அனுப்பும் இணைப்பை) இணைத்துவிட்டால் அவர்களுடைய செய்திகள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும் என்ற ஏற்பாடு இருந்தது. இதுநாள்வரை தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்த உறுப்பினருக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். நான்காம் பதிப்பில் இருந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. புதைப்பதை எடுத்தது புதைக்கும் கூட்டங்களை ஒழிக்க. பின்தொடர்தலைக் கொண்டுவந்தது ஒற்றை முகப்பின் ஆட்சியைக் குறைக்க. ரோஸுக்கு நோய் எது என்று தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் நூறு தரகர்களின் பிடியிலிருந்து முதல் பக்கத்தைப் பிடுங்கி அவர் உறுப்பினர்களிடம் கொடுக்கவில்லை. பெரிய பத்திரிகைகளிடம் கொடுத்தார். மொய் எழுதும் வீட்டில், பந்தியையே வெளியூர்க்காரருக்கு விட்டாற்போல ஆயிற்று.

தொழில்நுட்பமும் அதே வேளையில் காலை வாரிவிட்டது. பல ஆண்டுகளாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஓடிக்கொண்டிருந்த தளத்தை, முகநூலில் பிறந்து அப்போதுதான் வெளியே பரவிக்கொண்டிருந்த கசாண்ட்ரா என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். வடிவமைப்பு, நிரல், தரவுத்தளம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், ஏதாவது கெடும்போது எது கெட்டது என்று கண்டுபிடிப்பதே கடினம்; பழைய பதிப்புக்குத் திரும்பிப் போவதும் இயலாமல் போயிற்று. உறுப்பினர்கள் பழையதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கத்தியபோது ரோஸிடம் திருப்பிக் கொடுக்கப் பழையது இருக்கவில்லை. தம்பி, உங்கள் கேள்வியில் உள்ள "வடிவமைப்பு மாற்றம்" என்ற சொல்லில் இந்தப் பாதி விட்டுப்போகிறது. நிறம் பிடிக்கவில்லை என்று யாரும் ஊரைக் காலி செய்வதில்லை. தளம் நாள்கணக்கில் விழுந்து விழுந்து எழுந்தது, திரும்பும் வழியும் அடைபட்டிருந்தது; அதனால்தான் ஒரு வாரக் கோபம் நிரந்தரமான வெளியேற்றமாயிற்று.

ஆகஸ்ட் 30ஆம் தேதியை 'டிக்கை விட்டு வெளியேறும் நாள்' என்று உறுப்பினர்கள் அறிவித்தார்கள். அமெரிக்கப் பகல் என்றால் இங்கே சுதந்திர தினத்துக்கு விடியும் இரவு. நோன்பு மாதம், கம்போங் பாருச் சந்தையில் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, மறுநாள் விடுமுறை என்ற தைரியத்தில் விழித்திருந்து பார்த்தேன். டிக்கின் முதல் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ரெடிட் என்ற போட்டித் தளத்துக்குப் போகும் இணைப்புகள். செய்தி நிறுவனங்களுக்காகத் திறந்துவைத்த தானியங்கி வாசல் வழியாக ரெடிட்டின் ஓடையையே உள்ளே விட்டிருந்தார்கள். போட்டித் தளத்துக்குப் போகும் வழிகாட்டிப் பலகையாகத் தங்கள் முகப்பே நிற்பதை அந்த அலுவலகத்தில் எத்தனை பேர் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ தெரியாது. ரெடிட்டோ தன் சின்னத்தில் டிக்கின் மண்வெட்டிச் சின்னத்தைச் சேர்த்து வந்தவர்களை வரவேற்றது. செப்டம்பரில் அமேசானிலிருந்து மேட் வில்லியம்ஸ் தலைவராக வந்தார். புதைக்கும் பொத்தான் உட்படச் சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தார். அக்டோபரில் 67 ஊழியர்களில் 25 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ரெடிட் ஏன் அதே நோயில் விழவில்லை என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். ஸ்டீவ் ஹஃப்மேனும் அலெக்சிஸ் ஒஹானியனும் 2005 ஜூனில் அதைத் தொடங்கினார்கள். பதினாறு மாதத்தில் கோண்டே நாஸ்ட் பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார்கள். அதனால் டிக்கை அழுத்திய முதலீட்டுக் கடன் அதன் தலைமேல் இல்லை. பெரிய கம்பெனியின் கொல்லைப்புறத்தில் நாலைந்து பேரோடு, பார்ப்பதற்கு அழகில்லாமல், கிடந்து வளர்ந்தது. இது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் 2008 ஜனவரியில் அவர்கள் எடுத்த முடிவு அதிர்ஷ்டம் அல்ல. எந்த உறுப்பினரும் தமக்கென்று ஒரு கிளைக் குழுவைத் தொடங்கி, விதி வகுத்து, அதைத் தாமே மேற்பார்வையிடலாம் என்று திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ரெடிட்டில் முதல் பக்கம் ஒன்றல்ல. சமையலுக்கு ஒரு முதல் பக்கம், காற்பந்துக்கு ஒன்று, ஓர் ஊருக்கு ஒன்று. மொய்க் கூட்டம் ஒரு குழுவைப் பிடித்துக்கொண்டால், மற்றவர்கள் அடுத்த தெருவில் இன்னொரு குழுவைத் தொடங்குவார்கள். ஊரை விட்டுப் போகவேண்டியதில்லை. அங்கேயும் மேற்பார்வையாளர்களின் எதேச்சாதிகாரம் உண்டு. 2023இல் வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் விதித்த பிரச்சினையில் ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்தும் இருக்கின்றன. ஆனாலும் போக இன்னொரு இடம் கிடைக்காததாலோ என்னவோ, உறுப்பினர்கள் திரும்பி வந்தார்கள். 2024 மார்ச்சில் ரெடிட் பங்குச் சந்தைக்குப் போனபோது அதன் மதிப்பு 6.4 பில்லியன் டாலர்.

டிக் 2012இல் மூன்று துண்டாக விலைபோனது. ஊழியர்களில் ஒரு பகுதியினரை வாஷிங்டன் போஸ்ட் சுமார் 12 மில்லியன் டாலருக்கும், காப்புரிமைகளை லிங்க்ட்இன் ஏறத்தாழ 4 மில்லியனுக்கும் எடுத்துக்கொண்டன. பெயரையும் தளத்தையும் நியூயார்க்கின் பீட்டாவொர்க்ஸ் வாங்கிய விலை 5 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. மூன்றையும் கூட்டினாலும் போட்ட முதலில் பாதிகூடத் தேறவில்லை. புதிய உரிமையாளர்கள் ஆசிரியர்களை வைத்துச் செய்தி தேர்ந்தெடுத்தார்கள், அதாவது ரோஸ் வெளியே போட்ட அதே நாற்காலியை உள்ளே கொண்டுவந்தார்கள். 2018இல் மறுபடியும் கை மாறியது. 2025 மார்ச்சில் கெவின் ரோஸ் அதைத் திரும்ப வாங்கினார். கூட்டாளி ரெடிட்டின் ஒஹானியன்.

உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். முகப்பில் இருபது இடம், அதை நிரப்ப ஒரே ஓட்டுப் பெட்டி என்று வைத்திருக்கிறீர்கள். முதல் மாதத்தில் உங்களுக்கு இருநூறு வாசகர் வருவார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருநூறு பேர் உள்ள இடத்தில் ஏழு பேர் கூடினால் முகப்பு அவர்களுடையது. எங்கள் தைப்பூசக் கதைதான். கிள்ளானுக்கு ஒரு பக்கம், பினாங்குக்கு ஒன்று, தமிழ்ப்பள்ளிச் செய்திகளுக்கு ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அந்த ஊர் ஆள் ஒருவர் கையில் கொடுங்கள். ஓட்டுக் கேட்டு மற்றவர்களுக்குச் செய்தி அனுப்பும் வசதியைத் தொடக்கத்திலேயே வைக்காதீர்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்பவர்களை உங்களால் தடுக்க முடியாது, ஆனால் தளமே அதற்குத் தூது போகவேண்டாம். எதிர்ப்பு ஓட்டு வைப்பதானால் யார் போட்டது என்று மற்றவர்களும் பார்க்கட்டும். நிரலை எழுதும் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: தரவுத்தளத்தை மாற்றும் வாரத்தில் முகப்பைத் தொடக்கூடாது, முகப்பை மாற்றும் வாரத்தில் பழையதை அழிக்கக்கூடாது. நாளிதழ்களின் ஓடையை இணைத்தால் தினமும் பக்கம் நிரம்புமே என்று கேட்டிருந்தீர்கள். நிரம்பும். ஆனால் காலையில் எழுந்து தாமாகத் தேடிக் கொண்டுவந்து போடும் பத்துப் பேர், ஒரு மாதத்துக்குள் போடுவதை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு 'ஜி' விஷயம். ஒற்றை 'ஜி' போட்ட முகவரியை டிஸ்னியின் இணையப் பிரிவு ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தது. ரோஸ் இன்னொரு 'ஜி'யைச் சேர்த்து, அந்த இரட்டை 'ஜி' முகவரியை 1,200 டாலருக்கு வாங்கினார். தொடக்கச் செலவுகளில் அதுதான் பெரிது.